நிக்காஹ்: வயதுக் கணக்கும் வரலாறு சொல்லும் பாடமும்

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால்...

ராயக்கோட்டையில் இஷா தொழுகை முடிந்து வெளியே வந்தபோது, ஒரு காலத்தில் என்னிடம் குர்ஆன் ஓதிய மாணவர் ஒருவர் காத்து நின்றார். வயது இருபத்தேழு. ஓசூர் தொழிற்சாலை ஒன்றில் ஷிப்ட் வேலை. "ஹஜ்ரத், இப்போதைக்கு நிக்காஹ் வேண்டாம் என்று வீட்டில் சொன்னேன். உனக்கு ஈமான் குறைந்துவிட்டது என்கிறார் வாப்பா. அப்படித்தானா?" என்று கேட்டார். அடுத்த வாரமே ஒரு தாய் வந்தார். மகளுக்கு இருபத்து மூன்று, வேலைக்குப் போகிறாள், வந்த வரன்களையெல்லாம் மறுக்கிறாள், "நீங்கள் நாலு நல்ல வார்த்தை சொல்லுங்கள் ஹஜ்ரத்" என்றார்.

முன்பெல்லாம் இத்தகைய வேளைகளில் நான் தயங்கியதே இல்லை. நிக்காஹ் சுன்னத் என்பதை எடுத்துச் சொல்லி, ஒப்புக்கொள்ள வைத்து அனுப்புவேன். சில ஆண்டுகளுக்கு முன் அப்படி நான் இணங்க வைத்த இளைஞர் ஒருவர், தம் திருமணத்துக்கு வாங்கிய கடனை இன்றும் வட்டியோடு அடைத்துக்கொண்டிருக்கிறார். ஒரு சுன்னத்தை நிறைவேற்றும்படி வற்புறுத்தி, ஒரு ஹராமின் வாசலில் அவரைக் கொண்டுபோய் விட்டேனோ என்ற உறுத்தல் எனக்கு உண்டு. ஆகவே இம்முறை பதில் சொல்லுமுன் வரலாற்றைச் சற்றுத் திரும்பிப் பார்க்க விரும்பினேன்.

மார்க்கத்தின் அடிப்படை தெளிவானது. அப்துல்லாஹ் இப்னு மஸ்ஊத் (ரலி) அறிவிக்கும் புகழ்பெற்ற நபிமொழியில், அண்ணல் நபி (ஸல்) அவர்கள் இளைஞர்களை விளித்து, இயன்றவர் மணம் முடிக்கட்டும், இயலாதவர் நோன்பு நோற்கட்டும் என்று வழிகாட்டினார்கள். அங்கே ஆளப்பட்ட 'பாஅத்' என்ற சொல்லுக்கு உடல் வலிமை என்றும், மணவாழ்வைத் தாங்கும் பொருள் வசதி என்றும் அறிஞர்கள் விளக்கம் தந்துள்ளனர். ஆக, இளைஞரிடம் முதலில் கேட்கப்பட்டது வயது அன்று, இயலுமா என்பதே. அந்நூர் அத்தியாயமும் மணமாகாதோருக்கு மணம் செய்து வைக்குமாறு சமுதாயத்துக்குக் கட்டளையிட்டு, அடுத்த வசனத்திலேயே, வசதி பெறாதோர் அல்லாஹ் வசதி தரும்வரை கற்பொழுக்கம் பேணட்டும் என்கிறது. முதல் கட்டளை பெரியவர்களுக்கு, இரண்டாவது இளையவர்களுக்கு. நாம் இரண்டாவதை மட்டும் இளைஞருக்கு நினைவூட்டிவிட்டு, முதலாவதை மறந்துவிடுகிறோம்.

அவ்வாறே, துறவை இலட்சியமாகக் கொள்வதையும் நபியவர்கள் ஏற்கவில்லை. உஸ்மான் இப்னு மழ்ஊன் (ரலி) இல்லறத்தைத் துறக்க விரும்பியபோது அதற்கு அனுமதி கிடைக்கவில்லை. ஃபிக்ஹ் அறிஞர்களோ அனைவருக்கும் ஒரே அளவுகோலை வைக்கவில்லை. ஹனஃபி மத்ஹபில், பாவத்தில் விழுந்துவிடுவோம் என்று அஞ்சுபவருக்குத் திருமணம் கடமை. நடுநிலையில் இருப்பவருக்கு வலியுறுத்தப்பட்ட சுன்னத். மனைவிக்கு அநீதி இழைத்துவிடுவோம் என்று அஞ்சுபவருக்கு வெறுக்கத்தக்கது. ஷாஃபிஈ மத்ஹபில், நாட்டமோ வசதியோ இல்லாதவர் தவிர்த்திருப்பதே மேல். மனிதரின் நிலை மாறச் சட்டமும் மாறுகிறது.

வரலாறும் இதற்குச் சான்று பகர்கிறது. இமாம் அஹ்மத் இப்னு ஹன்பல் (ரஹ்) நாற்பது வயதுக்குப் பிறகே மணம் முடித்ததாக அறிவிக்கப்படுகிறது. கி.பி. 923இல் மறைந்த தஃப்ஸீர் மேதை தபரீ, 1277இல் மறைந்த இமாம் நவவீ, 1328இல் மறைந்த இப்னு தைமிய்யா ஆகியோர் மணமாகாமலே வாழ்ந்தவர்கள். கல்விக்காகத் திருமணத்தைத் தவிர்த்த அறிஞர்களைப் பற்றிச் சிரியாவின் அப்துல் ஃபத்தாஹ் அபூ ஃகுத்தா தனி நூலே எழுதியுள்ளார். நம் தமிழ் மண்ணில், தொண்டிக்கு அருகே குணங்குடியில் பிறந்த மஸ்தான் சாகிபு, தாய்மாமன் மகளை மணக்க மறுத்து இளமையிலேயே வீட்டைவிட்டுச் சென்றதாக அவரது வரலாறு கூறுகிறது. இவர்கள் எல்லோரும் பின்பற்ற வேண்டிய முன்மாதிரி என்று நான் சொல்லவில்லை. ஆனால், மணம் முடிக்காதிருப்பதை வைத்தே ஒருவரின் ஈமானை எடைபோடும் வழக்கம் நம் முன்னோரிடம் இருக்கவில்லை.

இனி, நம் நாட்டின் கதைக்கு வருவோம். நூறு ஆண்டுகளுக்கு முன் இங்கே இருந்த சிக்கல் இதற்கு நேர்மாறானது. அன்று திருமணங்கள் தாமதமாகவில்லை. பிஞ்சுப் பருவத்திலேயே நடந்துகொண்டிருந்தன. ஹர்பிலாஸ் சாரதா 1927இல் சட்டமன்றத்தில் கொண்டுவந்த மசோதா முதலில் இந்துக்களுக்கு மட்டுமானதாக இருந்து, பின்னர் எல்லாச் சமயத்தாருக்கும் விரிக்கப்பட்டது. 1929இல் நிறைவேறி, 1930 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த அச்சட்டம், பெண்ணுக்கு 14, ஆணுக்கு 18 என வயது வரம்பு விதித்தது. முஹம்மத் அலி ஜின்னா அதை ஆதரித்தார். அகில இந்திய மகளிர் மாநாட்டைச் சேர்ந்த ஷரீஃபா ஹாமித் அலி அதற்காகப் பாடுபட்டார். ஆனால் ஜமிய்யத்துல் உலமாயே ஹிந்த் அமைப்பினரும் மௌலானா முஹம்மத் அலியும் கடுமையாக எதிர்த்தனர். பிற சமயத்தாரிலும் எதிர்ப்பு வலுவாக இருந்தது. சட்டம் நிறைவேறியதற்கும் நடைமுறைக்கு வந்ததற்கும் இடைப்பட்ட ஆறு மாதங்களில் நாடெங்கும் அவசர அவசரமாகக் குழந்தை மணங்கள் நடந்தன. 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மணமான சிறுமியரின் எண்ணிக்கை முன்னைவிடப் பெருகியிருந்தது.

இந்த எதிர்ப்பைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். அதன்பின் பத்தாண்டுகளில் நடந்ததைப் பேசுவோர் குறைவு. பஞ்சாப் போன்ற பகுதிகளில், கணவனின் கொடுமையிலிருந்தும், காணாமற்போன கணவனின் பிணைப்பிலிருந்தும் விடுபட வழியறியாத முஸ்லிம் பெண்கள் சிலர், மார்க்கத்தையே துறப்பதாக அறிவித்தனர். ஹனஃபி சட்டப்படி மதம் மாறினால் நிக்காஹ் முறிந்துவிடும் என்பதால், அதுவே அவர்களுக்குத் தெரிந்த ஒரே வாசலாக இருந்தது.

உலமாக்கள் அப்பெண்களை ஏசிவிட்டு ஓய்ந்திருக்கலாம். ஆனால் மௌலானா அஷ்ரஃப் அலீ தானவீ (ரஹ்) அவர்கள், ஏன் வெளியேறுகிறார்கள் என்று ஆராய்ந்தார்கள். 'அல்ஹீலத்துந் நாஜிஸா' என்ற நூலை எழுதி, இவ்விஷயங்களில் ஹனஃபி மத்ஹபைச் சார்ந்தோர் மாலிகி மத்ஹபின் தீர்ப்பைப் பின்பற்றலாம் என்று வழி திறந்தார்கள். அந்தச் சிந்தனையின் தொடர்ச்சியாக முஹம்மத் அஹ்மத் காஸ்மீ அவர்கள் மத்தியச் சட்டமன்றத்தில் கொண்டுவந்த மசோதா, 1939இல் முஸ்லிம் திருமண முறிவுச் சட்டமாக நிறைவேறியது. கணவன் நான்கு ஆண்டுகள் தகவலின்றிப் போனாலோ, இரண்டு ஆண்டுகள் பராமரிக்கத் தவறினாலோ மனைவி நீதிமன்றத்தில் மணமுறிவு கோரலாம். பதினைந்து வயதுக்கு முன் தந்தையோ பாதுகாவலரோ மணம் செய்து வைத்திருந்தால், இல்லறம் தொடங்காத நிலையில், பதினெட்டு வயதுக்குள் அப்பெண் அம்மணத்தை மறுக்கலாம். முஸ்லிம் நீதிபதியே விசாரிக்க வேண்டும் என்ற பிரிவு கைவிடப்பட்டதில் உலமாக்களுக்கு மனக்குறை இருந்தது உண்மை. எனினும், பெண்ணின் துயரைக் கேட்டு மார்க்கத்தின் உள்ளிருந்தே விடை தேடிய அந்த நேர்மையை நாம் மறக்கலாகாது.

இது புதுமையும் அன்று. தம் விருப்பமின்றித் தந்தை செய்து வைத்த மணத்தைப் பற்றி முறையிட்ட கன்ஸா பின்த் கிதாம் (ரலி) அவர்களின் நிக்காஹை நபியவர்கள் ரத்துச் செய்தார்கள். விடுதலை பெற்ற பரீரா (ரலி), கணவர் முஃகீஸ் அழுது பின்தொடர்ந்தும் பிரிந்து செல்லவே விரும்பினார். நபியவர்கள் பரிந்துரைத்தபோது, இது கட்டளையா என்று கேட்டார். பரிந்துரை மட்டுமே என்று அறிந்ததும் மறுத்துவிட்டார். நபியின் பரிந்துரையையே மறுக்க ஒரு பெண்ணுக்கு இடமிருந்தது என்றால், ஹஜ்ரத்தின் 'நாலு நல்ல வார்த்தை'யை மறுக்க இடமில்லையா?

இன்று சட்டப்படி பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21. இந்த வரம்பு 1978இல் வந்தது. பெண்ணின் வயதையும் 21 ஆக்க 2021 டிசம்பரில் கொண்டுவரப்பட்ட மசோதா நிறைவேறாமலே காலாவதியாயிற்று. நம் கிருஷ்ணகிரி மாவட்டத்தின் மலைக் கிராமங்களிலிருந்து சிறுமியர் திருமணச் செய்திகள் இன்றும் வருகின்றன. அதே மாவட்டத்தில், 1970களில் சிப்காட் தொடங்கி வளர்ந்த ஓசூர்த் தொழிற்பகுதி, ஆயிரக்கணக்கான இளம்பெண்களின் கையில் முதன்முறையாகச் சொந்தச் சம்பளத்தைத் தந்திருக்கிறது. ஒரே மண்ணில் இரண்டு காலங்கள்.

அரசும் கூடத் தன் கேள்வியை மாற்றிக்கொண்டது. 1989இல் தொடங்கிய மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் திருமண உதவித் திட்டம், 2022இல் கல்லூரி மாணவியருக்கு மாதம் 1000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டமாக மாற்றப்பட்டது.

நாம் எதை மாற்றிக்கொண்டோம்? 1961ஆம் ஆண்டின் வரதட்சணைத் தடைச் சட்டம் மஹரை வரதட்சணைக் கணக்கில் சேர்க்கவில்லை. சட்டம் அந்த வேறுபாட்டை அறிந்திருக்கிறது. நம் வீடுகளில்தான் அது தலைகீழாகிவிட்டது. இரும்பு மோதிரம்கூடக் கையில் இல்லாத ஏழைத் தோழருக்கு, அவர் அறிந்த குர்ஆன் அத்தியாயங்களையே மஹராக்கி நபியவர்கள் மணம் செய்து வைத்தார்கள். நாமோ ஜஹேஸ், நகை, மண்டபம், பிரியாணி விருந்து என்று அடுக்கிவிட்டு, இளைஞர் தயங்கினால் கைப்பேசியைக் குற்றம் சொல்கிறோம்.

என் மாணவரிடம் காரணத்தைக் கேட்டேன். தங்கையின் திருமணக் கடன் முடியவில்லை, தம் வேலை ஒப்பந்த வேலை, எப்போது நிற்கும் என்று தெரியாது என்றார். அவருக்குக் குறைந்திருந்தது ஈமான் அன்று, 'பாஅத்'. அந்தத் தாயிடம், மகள் மறுத்தது திருமணத்தையா, அந்த வரன்களையா என்று கேட்டேன். மணத்துக்குப் பின் வேலையை விட வேண்டும் என்று மூன்று வீட்டாரும் நிபந்தனை விதித்தார்களாம். அதை அதுவரை எவரும் என்னிடம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இளைஞர்களே, உங்கள் தயக்கத்துக்கு நேர்மையான காரணம் இருந்தால் அதை வீட்டில் வாய்விட்டுச் சொல்லுங்கள். காரணமின்றித் தள்ளிப்போட்டு, ஒழுக்கத்தைக் காக்கும் கோட்டையை வீணே இழந்துவிடாதீர்கள். பெரியவர்களே, வயதைக் கேட்பதற்கு முன் இயலுமா, விருப்பமா என்று கேளுங்கள். இயலாதென்றால், இயலச் செய்வது உங்கள் மீதுள்ள கட்டளை. நம் ஜமாஅத்துகள் நிக்காஹ் தஃப்தரில் வயதுச் சான்றைச் சரிபார்ப்பது போலவே, மணமகனின் கடனையும் மணமகளின் சம்மதத்தையும் விசாரிக்கும் நாள் வர வேண்டும்.

அன்றைய உலமாக்கள் வெளியேறியவர்களிடம் காரணம் தேடினார்கள். இன்று நம் பிள்ளைகள் வெளியேறவில்லை. வாசலில் தயங்கி நிற்கிறார்கள், அவ்வளவே. அவர்களைக் கேட்கும் செவியை வல்ல அல்லாஹ் நமக்குத் தருவானாக! ஆமீன்.