டிப்ரஷன்: அழுத்தும் ஒரு சொல்

பிம்ப்ரித் தமிழன்பர் ஐப்பசிச் செய்தியில் ‘டிப்ரஷன்’ என்று கேட்டதும் நாகப்பட்டினத்து ஓட்டுக்கூரையை எண்ணிக் கலங்குவார். 1928-இல் சிம்லாவிலிருந்து அருகிலுள்ள புனேக்கு வந்த வானிலை அலுவலகத்தார்க்கோ, அது மணிக்கு 31 முதல் 49 கிலோமீட்டர் வேகக் காற்றுடைய தாழ்வு மண்டலம்.

கீழே அழுத்துதல் என்பதே அச்சொல்லின் இலத்தீன் மூலப்பொருள். 1929-இல் அமெரிக்காவில் தொடங்கிய பொருளாதார மந்தத்திற்கும் அதுவே பெயராயிற்று. நெல் விலை வீழ்ந்தது. பர்மிய உழவர் கடனடைக்க இயலாது நிலமிழந்தனர். கடன் கொடுத்திருந்த நாட்டுக்கோட்டை நகரத்தார் கைக்கு வந்தது பணமன்று, சேற்று வயல்! அங்கே வேலைக்குச் சென்றிருந்த நம்மவர் வீட்டிலும் அடுப்பு தணிந்தது.

ஆயினும், மனத்தளர்ச்சி என்னும் பொருளே இவ்விரண்டினும் மூத்தது. பழைய மருத்துவர் அந்நோயை மெலங்கோலியா, அதாவது கரும்பித்தம், என்றனர். நாமோ ஊருக்கு எழுதும்போது, ‘மனசு சரியில்லை’ என்பதோடு நிறுத்திவிடுகிறோம். உறக்கமும் ஊக்கமும் குன்றி இரண்டு வாரங்களுக்குமேல் அது நீடித்தால், இன்றைய மருத்துவர் அதனைச் சிகிச்சைக்குரிய நோயாகவே கருதுகின்றனர்.