பொங்கப்பானை காத்த அணையும், கருப்பன் காத்த பாறையும்

எங்க பக்கம் ஜனவரி 15-க்குத் தனிப் பேரே உண்டு, பென்னிகுவிக் பொங்கல். சூரியனுக்கு வைக்கிற பொங்கலோட ஒட்டி வர்றதால வெளியூர்க்காரங்களுக்கு வித்தியாசம் தெரியாது. பாலார்பட்டியில் அன்னைக்குப் போய்ப் பாருங்க. பெண்கள் வரிசையாப் பானை வைப்பாங்க. மாட்டு வண்டி ஜோடிச்சு நிக்கும். தேவராட்டம் நடக்கும். நடுவுல மாலை போட்டு ஒரு வெள்ளைக்காரர் படம் இருக்கும். மீசை வச்ச அந்த மனுஷர்தான் கர்னல் ஜான் பென்னிகுவிக், முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய பொறியாளர். 1841 ஜனவரி 15-ல் புனேயில் பிறந்தவர்.

நகரத்துல இருந்து வர்ற நண்பர்கள் பலரும் ஒரே கேள்வியைக் கேட்கிறாங்க. "பழைய கட்டடங்களைக் காப்பாத்தணும்னு எங்க ஊர்ல கூட்டம் போடுறோம், கையெழுத்து வாங்குறோம், ஒண்ணும் நடக்கல. உங்க ஊர்ல எப்படி 130 வருஷத்து அணைக்கு இவ்வளவு பேர் காவல் நிக்கிறாங்க?" இந்தக் கட்டுரை அதுக்கான பதில். பதில்ல பாதி பெருமைப்படுற மாதிரி இருக்கும். மீதிப் பாதி நாங்க யோசிக்க வேண்டியது.

அணை வந்த கதை

மேற்குத் தொடர்ச்சி மலையில் பெய்யிற மழை பெரியாறா மேற்கே ஓடிக் கடல்ல கலக்குது. மலைக்குக் கிழக்கே வைகைப் பக்கம் பூமி காயுது. அந்தத் தண்ணியக் கிழக்கே திருப்பினா என்னங்கிற யோசனை வெள்ளைக்காரன் மூளையில மட்டும் உதிச்சதில்லை. 1789-லேயே ராமநாதபுரம் மன்னர் முத்துராமலிங்க சேதுபதியின் பிரதானி முத்து இருளப்ப பிள்ளை இதை ஆராய்ந்து பார்த்திருக்கார். செலவு தாங்காதுன்னு கைவிட்டாங்க. 1808-ல் கேப்டன் கால்டுவெல் அளந்து பார்த்துவிட்டு நடக்காத காரியம் என்று எழுதினார். 1850-ல் சின்ன அளவில் வேலை தொடங்கியும், காட்டுக் காய்ச்சலுக்குப் பயந்த கூலியாட்கள் கூடுதல் சம்பளம் கேட்க, அதுவும் நின்னு போச்சு.

அப்புறம் வந்தது 1876-78 பஞ்சம். கிராமத்துப் பெரியவங்க இன்னும் 'தாது வருஷப் பஞ்சம்' என்றுதான் சொல்வாங்க. சென்னை மாகாணமே சுருண்டது. அதுக்குப் பிறகுதான் திட்டம் மறுபடி மேஜைக்கு வந்தது. 1882-ல் பென்னிகுவிக்கிடம் திட்டத்தைத் திருத்தி எழுதச் சொன்னாங்க. 1886 அக்டோபர் 29-ல் திருவிதாங்கூர் மன்னருக்கும் ஆங்கில அரசுக்கும் குத்தகை ஒப்பந்தம் ஆச்சு. 8,000 ஏக்கர், 999 வருஷம், ஏக்கருக்கு ஆண்டுக்கு 5 ரூபாய்.

1887-ல் வேலை தொடங்கி 1895-ல் முடிந்தது. சிமென்ட் கிடையாது. சுண்ணாம்பும் சுர்க்கியும், அதாவது சுட்ட செங்கல் பொடியும், கலந்த காரையும் கல்லும்தான். அஸ்திவாரத்தில் இருந்து 176 அடி உயரம், சுமார் 1,200 அடி நீளம். தேக்கிய தண்ணியை மலைக்குள்ளே சுமார் ஒரு மைல் சுரங்கம் குடைஞ்சு இந்தப் பக்கம் விட்டாங்க. 1895 அக்டோபர் 10-ல் சென்னை ஆளுநர் வென்லாக் பிரபு திறந்து வைத்தார்.

இன்னைக்கு லோயர் கேம்ப்பில் இறங்குற அந்தத் தண்ணிதான் கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கருக்கு இரண்டு போகம் நெல் தருது. அப்புறம் வைகையில் சேர்ந்து மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் வரை போகுது. ஜூன் மாசம் முதல் போகத்துக்குத் தண்ணி திறக்கிற அன்னைக்கு ஷட்டரைத் தூக்கினதும் வர்ற தண்ணியில பூத் தூவுவாங்க. அதைச் சடங்குன்னு நினைக்காதீங்க, நாத்தங்கால் போடலாம்னு எங்களுக்குக் கிடைக்கிற உத்தரவு அது.

பொங்கல் செய்த வேலை

பள்ளத்தாக்கில் பென்னிகுவிக் படம் இல்லாத டீக்கடையைத் தேடத்தான் வேணும். பிள்ளைகளுக்கு அவர் பேரை வச்சவங்க இருக்காங்க. தேனிப் புதுப் பேருந்து நிலையத்துக்கும் அவர் பேர்தான். இதுல எதுவும் முதல்ல அரசாங்கம் சொல்லிச் செஞ்சதில்லை. விவசாயிகள் செஞ்சாங்க, அரசாங்கம் பின்னால வந்தது.

அணை பலவீனமாயிருச்சு, இடிச்சுட்டுப் புதுசு கட்டணும் என்ற பேச்சு கேரளத்தில் பல வருஷமா இருக்கு. 1979-ல் நீர்மட்டத்தை 136 அடிக்குக் குறைச்சாங்க. அதுக்குப் பிறகு கான்கிரீட் பலப்படுத்தும் வேலைகள் நடந்தன. 2006-லும், பிறகு 2014 மே 7-லும் உச்ச நீதிமன்றம் 142 அடி தேக்கலாம் என்று தீர்ப்புச் சொன்னது. இடையில் 2011 டிசம்பரில் கம்பம் பள்ளத்தாக்கே திரண்டு குமுளி எல்லையை நோக்கி நடந்தது உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். அணைக்குக் கீழே வாழ்ற இடுக்கி மக்களோட பயத்தை நான் கேலி பண்ண மாட்டேன். மேலே அவ்வளவு தண்ணி நிக்கும்போது எவனுக்கும் ராத்திரி தூக்கம் வராது. ஆனா இந்தப் பக்கம் அது வெறும் கட்டடம் இல்லை, எங்க சோத்துப்பானை என்பதை நாடு கவனிக்க வச்சது அந்தக் கூட்டம். வருஷா வருஷம் பொங்கல் வச்சுப் பழகின ஊர்களுக்குக் கூட்டம் சேர்றது புதுசு இல்லை.

2013 ஜனவரி 15-ல் லோயர் கேம்ப்பில் பென்னிகுவிக் மணிமண்டபத்தை அப்போதைய முதல்வர் ஜெயலலிதா திறந்து வைத்தார். 2022 செப்டம்பரில் இங்கிலாந்தில், அவர் கடைசிக் காலத்தில் வாழ்ந்த கேம்பர்லி ஊரிலும் தமிழக அரசு சிலை வைத்தது. பொங்கப்பானையில் தொடங்கினது கடல் தாண்டிப் போயிருச்சு.

பொங்கல் செய்யாத வேலை

இனி மீதிப் பாதி. திருவிழா ஒரு பேரைக் காப்பாத்தும். அந்தப் பேருக்குப் பின்னால இருக்கிற எல்லாத்தையும் காப்பாத்தும்னு சொல்ல முடியாது.

எங்க ஊர்ப்பக்கம் யாரைக் கேட்டாலும் ஒரு கதை சொல்வாங்க. பாதி கட்டின அணையை வெள்ளம் அடிச்சுட்டுப் போச்சு, ஆங்கில அரசு பணம் தர மாட்டேன்னு சொல்லிருச்சு, பென்னிகுவிக் சீமைக்குப் போய்ச் சொத்தையும் மனைவி நகையையும் வித்துட்டு வந்து கட்டி முடிச்சார் என்று. கட்டும்போது வெள்ளம் வந்தது நிஜம். ஆனா சொத்து வித்ததுக்கு ஆவண ஆதாரம் இல்லை என்று ஆய்வு செஞ்சவங்க சொல்றாங்க. இந்தக் கதை இல்லாட்டியும் அவர் பெருமை ஒரு படி கூடக் குறையாது. காய்ச்சலும் யானையும் இருந்த காட்டில் எட்டு வருஷம் அந்த வேலையை நடத்தினதே போதும்.

கதையை மட்டும் வச்சுக்கிட்டுப் போனா என்ன ஆகும் என்பதுக்கு மதுரையில் 2021-ல் நடந்தது உதாரணம். கலைஞர் நூலகத்துக்குத் தேர்வு பண்ணின இடத்தில் இருந்த பழைய பொதுப்பணித் துறைக் கட்டடம் பென்னிகுவிக் வாழ்ந்த வீடு, அதை இடிக்கக் கூடாதுன்னு எதிர்ப்பு வந்தது. அவர் 1911-ல் இறந்துட்டார், அந்தக் கட்டடமே அதுக்குப் பிறகு கட்டினது என்று அரசு ஆவணத்தைக் காட்டிப் பதில் சொல்லிருச்சு. 2023 ஜூலையில் நூலகமும் திறந்தாச்சு. நூறு வருஷத்துக் கட்டடம் யார் வாழ்ந்திருந்தாலும் வாழாவிட்டாலும் பழைய கட்டடம்தான். ஆனா ஒரு பேரை மட்டும் நம்பி வாதாடினதால, அந்தப் பேர் பொருந்தலைன்னதும் பேச வேற ஒண்ணும் மிஞ்சல.

இன்னொண்ணு, அணை வேலையில் நோயில் மட்டும் 480 பேருக்கு மேல செத்திருக்காங்க. அணைக்குப் பக்கத்திலேயே அவங்களைப் புதைச்ச இடம் இருக்கு. கல் சுமந்தவங்க, சுண்ணாம்பு அரைச்சவங்க. அவங்களுக்கும் முத்து இருளப்ப பிள்ளைக்கும் எந்தப் பானையிலும் ஒரு கரண்டிப் பொங்கல் விழுந்து நான் பார்க்கல.

உத்தமபாளையத்துப் பாறை

லோயர் கேம்ப் மணிமண்டபத்துக்கு வர்றவங்க எல்லாரும் தேனியில் இருந்து சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் தாண்டித்தான் வரணும். சின்னமனூர், பாண்டியர் வரலாறு எழுதுற எவரும் தவிர்க்க முடியாத சின்னமனூர்ச் செப்பேடுகள் கிடைச்ச ஊர். உத்தமபாளையத்தில் ஒரு பெரிய பாறையில் தீர்த்தங்கரர் உருவங்களை வரிசையாச் செதுக்கி, கீழே வட்டெழுத்தில் எழுதி வச்சிருக்காங்க. ஆயிரம் வருஷத்துக்கும் மேலான வேலை. அதில் ஒரு பேர் அச்சணந்தி. மதுரை யானைமலையிலும் இதே சமணத் துறவியின் பேர் இருக்கு. அப்போ மதுரைக்கும் எங்க பள்ளத்தாக்குக்கும் நடுவே துறவிகள் நடந்த வழி ஒண்ணு இருந்திருக்கு, நாம பஸ்ல போற வழிக்கு எவ்வளவோ முன்னாடி.

அந்தப் பாறைக்குக் கல்வெட்டுத் தொகுதியில் என்ன பேர் தெரியுமா? கருப்பண்ணசாமி பாறை. சமணர் போன பிறகு கருப்பன் வந்து உட்கார்ந்தான். பக்கத்துக் குன்றெல்லாம் கல்லுக்கு உடைபடுற காலத்திலும், கருப்பன் இருக்கிற பாறையில் உளி வைக்க எவனுக்குத் துணிச்சல் வரும்? அங்கேயும் காவல் நின்னது சனங்க கும்பிடுற சாமிதான். உள்ளே இருக்கிற எழுத்து என்ன சொல்லுதுன்னுதான் கும்பிடுறவங்களுக்குச் சொல்ல ஆள் இல்லை.

மதுரையில் நடக்கிறவங்க

இந்த இரண்டையும் சேர்த்துச் செஞ்சு காட்டினவங்க மதுரையில் இருக்காங்க, பசுமை நடை. 2010-ல் யானைமலையைச் சிற்ப நகரமா மாத்துற திட்டம் வந்தப்போ சுத்துப்பட்டு ஊர்க்காரங்க எதிர்த்தாங்க. அந்தச் சூழலில் எழுத்தாளர் அ. முத்துகிருஷ்ணன் தொடங்கியது இந்த அமைப்பு. விடுமுறை நாள் காலையில் ஒரு குன்றுக்கோ பழைய கோயிலுக்கோ கூட்டமா நடந்து போவாங்க. குடும்பம் குடும்பமா, குழந்தைகளோட. தொல்லியல் அறிஞர் சொ. சாந்தலிங்கம் போன்றவங்க அந்த இடத்திலேயே நின்னு கல்வெட்டைப் படிச்சு அர்த்தம் சொல்வாங்க. எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டுட்டுத் திரும்புவாங்க. கீழக்குயில்குடி சமணர் மலை அடிவாரத்து ஆலமரத்தடியில் பெரிய விழாவே நடத்தியிருக்காங்க.

பக்கத்துக் குன்றுகளைக் கிரானைட் குவாரி தின்னுக்கிட்டு இருந்த காலத்தில் அவங்க செஞ்ச காரியம் ரொம்ப எளிமையானது. ஆள் போகாத இடத்துக்கு ஆள் போக வச்சாங்க. நூறு பேர் பார்த்துட்டு வந்த பாறை ஒரு நாள் காணாமப் போனா கேட்க நூறு பேர் இருப்பாங்க. அதோட, எதைக் காக்குறோம்னு தெரிஞ்சு கேட்பாங்க.

எங்ககிட்ட கூட்டம் இருக்கு. மதுரைக்காரங்க மாதிரி வாசிச்சுச் சொல்ற ஆள்தான் வேணும். நான் சொல்ற யோசனை பெரிய செலவு இல்லை. பென்னிகுவிக் பொங்கலில் பானை பொங்குறதுக்குள்ள அரை மணி நேரம் கிடைக்கும். அந்த நேரத்தில் உள்ளூர்ப் பள்ளி வாத்தியார் ஒருத்தர் 1789-ல் இருந்து 1895 வரை நடந்ததைச் சொல்லட்டும். அணையில் செத்த கூலிக்காரங்களுக்கும் ஒரு பானை வைக்கட்டும். சாயங்காலம் பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டு உத்தமபாளையத்துப் பாறைக்கு ஒரு நடை போகலாம், கருப்பனுக்குச் சூடம் ஏத்திட்டே அச்சணந்தி பேரையும் வாசிக்கலாம். எங்க ஊர் விவசாயிகள் சங்கத்தில் இதைப் பேச்சில் போட்டாச்சு. "சரி, வாத்தியாரைப் பிடிங்க"ன்னு சொல்லியிருக்காங்க.

நகரத்து நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை தேக்கடிக்குப் படகு ஓட்ட வரும்போது, நீங்க படகில் போறது அந்த அணை தேக்கிய தண்ணியில்தான் என்பதை நினைச்சுக்கோங்க. வர்ற வழியில் உத்தமபாளையத்தில் ஒரு மணி நேரம் இறங்குங்க. கருப்பண்ணசாமி பாறை எங்கேன்னு கேளுங்க. முதல்ல கேட்கிற ஆளுக்குத் தெரியாம இருக்கலாம், இரண்டாவது ஆளையும் கேளுங்க. வெளியூர்க்காரங்க தேடி வந்து கேட்கிற பாறைன்னு தெரிஞ்சா, உள்ளூர்ல அதுக்கு மதிப்பு தானா ஏறும்.