கட்டில், மேசை, நாற்காலி போட்டால் வீடு உங்களுடையதா? ஆம்ஸ்டர்டாமில் நடந்த கதை

வீடு தேடி அலைஞ்சிருக்கீங்களா? அப்போ இந்த எரிச்சல் உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்: நமக்கு வீடு கிடைக்காது, ஆனா எதிர்த் தெருவுல ஒரு ஃபிளாட் வருஷக்கணக்கா பூட்டியே கிடக்கும். நெதர்லாந்து இளைஞர்கள் 1960, 70-களில் இந்தப் பூட்டை உடைத்து உள்ளே போய் குடியேறினார்கள். இதற்கு அங்கே 'கிராக்கன்' என்று பெயர். உடைப்பது என்று பொருள்.

இது வெறும் அத்துமீறல்தானே என்று கேட்பீர்கள். சட்டம் அப்படிப் பார்க்கவில்லை என்பதுதான் இதில் சுவாரசியம். யாரும் பயன்படுத்தாத வீட்டில் குடியேறுபவருக்கும் 'வீட்டு அமைதி' உரிமை உண்டு என்று 1971-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உள்ளே ஆள் வசிக்கிறார் என்று காட்ட ஒரு கட்டில், ஒரு மேசை, ஒரு நாற்காலி இருந்தால் போதும். அதன்பிறகு போலீஸ் நினைத்தவுடன் வெளியே தள்ள முடியாது. உரிமையாளர் கோர்ட்டுக்குத்தான் போகணும்.

நியூமார்க்ட் பகுதியில் மெட்ரோவுக்காக வீடுகளை இடித்ததை எதிர்த்து 1975-ல் பெரிய மோதல் நடந்தது. மெட்ரோ வந்துவிட்டது, ஆனால் அதே பகுதி வழியாகப் போட இருந்த அகலச் சாலைத் திட்டம் கைவிடப்பட்டது. 1980 உச்சக்கட்டம். மார்ச் மாதம் வோண்டல் தெருவில் போட்டிருந்த தடுப்புகளை அகற்ற ராணுவ டாங்கிகளே வந்தன. வீட்டுக்காக டாங்கி! ஏப்ரல் 30-ல் ராணி பியாட்ரிக்ஸ் பதவியேற்றபோது "வீடில்லையேல் முடிசூட்டும் இல்லை" என்ற கோஷத்தோடு நகரமே கலவரமானது.

அப்புறம் சட்டம் மெல்ல மெல்ல இறுகியது. 1994 முதல், ஓராண்டுக்கும் குறைவாகக் காலியாக இருந்த கட்டடத்தில் நுழைவது குற்றம். 2010 அக்டோபர் 1 முதல் எந்தக் காலிக் கட்டடத்தில் குடியேறினாலும் குற்றம். ஓராண்டு வரை சிறை.

அப்படியென்றால் காலி வீடுகள்? அங்கேதான் ஒரு பிசினஸ் முளைத்தது. 'ஆன்டி-கிராக்' நிறுவனங்கள் காலிக் கட்டடங்களில் குறைந்த கட்டணத்துக்கு ஆட்களைக் குடிவைத்து, வேறு யாரும் புகாமல் பார்த்துக்கொள்கின்றன. கட்டணம் கம்மி, ஆனா வாடகைதாரருக்கு உள்ள பாதுகாப்பு கிடையாது. கொஞ்ச நாள் நோட்டீஸில் காலி பண்ணச் சொல்லலாம். உரிமையாளருக்கு இலவசக் காவல், குடியிருப்பவருக்கு எப்போதும் கட்டிவைத்த பெட்டி.

எல்லாமே தோற்றுவிட்டது என்றும் சொல்ல முடியாது. 1999-ல் இப்படிக் கைப்பற்றப்பட்ட பழைய திரைப்படக் கல்லூரிக் கட்டடம் ஒன்றை, உள்ளே இருந்தவர்களே 2006-ல் மாநகராட்சியிடமிருந்து விலைக்கு வாங்கிவிட்டார்கள். ஓடி301 என்ற பெயரில் கலை மையமாக இயங்குவது அதுதான்.