துப்புரவு: சோற்றைக் குறித்த சொல்

திருக்குறளின் 263, 378, 1050ஆம் பாடல்களில் 'துப்புரவு' என்ற சொல் வருகிறது. துறவிகளுக்கு இல்லறத்தார் கொடுக்கும் உணவு முதலானவற்றுக்கு ஓரிடத்தில் அந்தப் பெயர். மற்ற இரண்டில் நுகர்வதற்கான பொருள்களுக்கு. 'துய்' என்றால் உண்ணுதல், நுகர்தல். அந்த வேரில் பிறந்த சொல்தான் இன்று தூத்துக்குடி மாவட்டத்து உடன்குடி பஜாரில் விடியுமுன் நடக்கும் தெருக்கூட்டும் வேலைக்குப் பெயராக இருக்கிறது.

குப்பையும் அப்படித்தான். நற்றிணையின் 138ஆம் பாட்டில், குவித்துவைத்த உப்புக்கே குப்பை என்று பெயர். ஆறுமுகநேரி உப்பளங்களைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பொருத்தம் உடனே விளங்கும். உழவர்களுக்கோ குப்பை என்றால் எரு. "வயலுக்குக் குப்பை அடிச்சாச்சா?" என்ற கேள்வியில் அருவருப்பு ஏதும் கிடையாது. சாணமும் சாம்பலும் கூளமும் கடவப்பெட்டியில் ஏறி எருக்குழிக்குப் போன காலத்தில் குப்பை வீட்டின் சொத்து.

வேண்டாத பொருளாக அதை மாற்றியது நகரம். 1865ஆம் ஆண்டின் நகர மேம்பாட்டுச் சட்டப்படி திருநெல்வேலி, பாளையங்கோட்டை, தூத்துக்குடி நகராட்சிகள் 1866இல் அமைந்தன. வயல் இல்லாத தெருக்களில் சேர்ந்ததை யாராவது அள்ளியாக வேண்டும். காலராவும் பிளேக்கும் அரசை நெருக்கின. தெருக்கூட்டுவதும் கழிவை அகற்றுவதும் நகராட்சியின் கடமை என்று 1920ஆம் ஆண்டின் சென்னை மாவட்ட நகராட்சிகள் சட்டம் விரிவாக எழுதிவைத்தது. சானிட்டரி இன்ஸ்பெக்டர் கிணற்றையும் கறிக்கடையையும் கொல்லைப்புறத்தையும் வந்து பார்த்தார். அவர் பதவியின் பெயர் பிறகு 'சுகாதார ஆய்வாளர்' என்று கௌரவமாகவே தமிழானது. 1939இல் வந்த சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம், இந்தியாவில் அவ்வகையில் முதலாவது.

ஆய்வு செய்தவர் பெயருக்கு வந்த மரியாதை அள்ளியவர் பெயருக்கு வரவில்லை. இங்கேதான் 'தோட்டி' என்ற சொல்லைப் பேச வேண்டியிருக்கிறது. குறள் 24இல் தோட்டி என்பது யானையை அடக்கும் அங்குசம். தென்பகுதிகளில் மாங்காய் பறிக்கும் கொக்கிக் கம்புக்கும் அந்தப் பெயர் உண்டு. கிராம நிர்வாகத்திலோ தோட்டி ஊர் ஊழியர்: ஆள் கூப்பிடுவது, சேதி சொல்வது போன்ற வேலைகளுக்கு ஊரார் மானியம் கொடுத்தார்கள். 1886இல் வெளிவந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதியும் 'டோட்டி' என்று இதே ஊழியரைச் சொல்லி, 'தோண்டு' என்ற சொல்லோடு இணைத்துக்காட்டுகிறது. அங்குசத்துக்கும் ஊழியருக்கும் வேர் ஒன்றுதான் என்று நான் நம்பவில்லை. ஒலி ஒத்துப்போனதால் பொருளும் ஒன்றாகிவிடாது. எப்படியோ நகராட்சிகளின் காலத்தில் சேதி சொன்னவரின் பெயர், எடுப்புக் கக்கூஸில் மலம் அள்ளியவருக்குப் போய்ச் சேர்ந்தது. (கக்கூஸ் என்பதே டச்சுச் சொல். தூத்துக்குடியை 1658இல் பிடித்தவர்களின் மொழி அது.) ஒரு வேலையின் பெயர் ஒரு சாதியின் மேல் வசையாக ஒட்டிக்கொண்டது. இந்தச் சொல்லுக்கு நேர்ந்ததில் மன்னிக்க முடியாதது அதுதான்.

தகழி சிவசங்கரப் பிள்ளையின் 'தோட்டியின் மகன்' 1947இல் மலையாளத்தில் வெளிவந்தது. தமிழாக்கியவர் சுந்தர ராமசாமி. கதை நடக்கும் ஊர் ஆலப்புழை. அதில் மலம் அள்ளும் தகப்பன் பெயர் இசக்கிமுத்து, மகன் பெயர் சுடலைமுத்து. இசக்கியம்மனும் சுடலைமாடனும் நெல்லைச் சீமைத் தெய்வங்கள் என்று உடன்குடிக்காரருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கடல்கடந்த கூலிகளைப் பற்றி நிறையப் பேசிய நாம், மலைக்கு அந்தப் பக்கம் வாளியோடு போனவர்களைப் பற்றி அவ்வளவு பேசவில்லை.

தோட்டி போய்த் துப்புரவுப் பணியாளர் வந்தார். 2020இல் தமிழக அரசு அதையும் 'தூய்மைப் பணியாளர்' என்று மாற்றியது. கிராம ஊராட்சிகளில் அவர் 'தூய்மைக் காவலர்'. மாற்றியது சரி என்றே சொல்வேன். வசையான பெயரை ஓர் அரசு தன் பதிவேட்டில் வைத்திருக்கக் கூடாது. ஆனால் துப்புரவு தவறான சொல் அல்ல. அந்த வேலைக்குக் கொடுத்த கூலிதான் தவறு. கையால் மலம் அள்ளவைப்பதைத் தடுக்க 1993இல் ஒரு சட்டமும் 2013இல் இன்னொரு சட்டமும் வேண்டியிருந்தன. 2025 ஆகஸ்டில் சென்னை மாநகராட்சியின் ரிப்பன் மாளிகை முன்னால் தூய்மைப் பணியாளர்கள் நாள்கணக்கில் உட்கார்ந்தார்கள். அவர்கள் கேட்டது, வேலையைத் தனியாரிடம் ஒப்படைக்காதீர்கள், பணியை நிரந்தரமாக்குங்கள் என்பது.