கண்ணாஸ்பத்திரியும் பிரஷர் பட்டையும்

நாகர்கோவிலிலிருந்தும் களியக்காவிளையிலிருந்தும் காலையில் புறப்படும் பேருந்துகள் திருவனந்தபுரத்தின் தம்பானூரில் வந்து நிற்கும்போது, வைத்தியத்துக்காக வந்தவர்களை அவர்கள் கையில் இருக்கும் பையை வைத்தே கண்டுகொள்ளலாம். பழைய சீட்டுகள், ஸ்கேன் உறை, பாதி தீர்ந்த மாத்திரை அட்டை எல்லாம் அதில் இருக்கும். இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் முன்பு திருவிதாங்கூரிலும், பிறகு 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்தது. எல்லைக்கோடு மாறிய பிறகும் வைத்தியத்துக்குத் திருவனந்தபுரம் போகும் வழக்கம் மாறவில்லை. ரயில்பாதை தம்பானூர் வரை நீண்டது 1931 இல். ரயில் வருவதற்கு முன்பே நகரத்தில் ஒரு கண் மருத்துவமனை இருந்தது. இன்று வட்டாரக் கண் மருத்துவ நிலையம் என்று பெயர் பெற்றிருந்தாலும் ஆட்டோக்காரருக்கும் நோயாளிக்கும் அது கண்ணாஸ்பத்திரிதான்.

அது தொடங்கியது 1905 இல், மூலம் திருநாள் மகாராஜா காலத்தில். அதே ஆண்டில் உலகின் வேறு இரண்டு மூலைகளில் நடந்த இரண்டு காரியங்கள் இந்த மருத்துவமனையின் நோயாளிகளைப் பின்னாளில் நேரடியாகத் தொட்டன.

ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் நிக்கொலாய் கொரட்கோவ் என்ற இளம் ராணுவ மருத்துவர், கையில் காற்றுப் பட்டையைக் கட்டி, முழங்கை மடிப்பில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டால் ரத்த அழுத்தத்தின் மேல் எண்ணும் கீழ் எண்ணும் தெரியும் என்று அறிவித்தார். பட்டையை 1896 இலேயே இத்தாலியர் ரிவா ரோச்சி கொடுத்துவிட்டார். கொரட்கோவ் அதற்குக் காது கொடுத்தார். அதே 1905 இல் நார்வேயின் ஹ்யால்மர் ஷியோட்ஸ், கண்ணின் அழுத்தத்தை அளக்க ஒரு சிறு கருவி செய்தார். மரத்துப்போகும் சொட்டு விட்டு, நோயாளியைப் படுக்கவைத்து, கருவிழிமேல் அதை நிறுத்தினால் முள் நகர்ந்து எண் காட்டும். அதுவரை பெரும்பாலும், மூடிய இமைமேல் இரண்டு ஆள்காட்டி விரல்களை வைத்து அழுத்திப் பார்த்து, கண் கல்லாக இருக்கிறதா, மெத்தென்று இருக்கிறதா என்று மருத்துவர் சொன்னதுதான் கணக்கு.

இப்படி உடலின் பிரஷரும் கண்ணின் பிரஷரும் ஒரே ஆண்டில் எண்ணாக மாறின. ஆனால் அளந்தவர்கள் வேறு, அறைகள் வேறு. இந்தப் பிரிவினைக்கு நோயாளிகள் கொடுத்த விலை பெரிது.

கண்ணுக்குள் ஒரு தெளிந்த நீர் ஓயாமல் ஊறி, ஓயாமல் வடிகிறது. வடிகால் தடைபட்டால் உள்ளே அழுத்தம் ஏறும். பார்வை நரம்பின் இழைகள் ஒவ்வொன்றாகச் சாகும். வலி பெரும்பாலும் இருக்காது. ஓரப் பார்வை முதலில் போவதால் நடுப் பார்வை மங்கும்வரை ஆள் உணர்வதில்லை. இதுதான் கிளாக்கோமா. அழுத்தம்தான் காரணம் என்று 1858 இல் ஜெர்மனியின் ஹைன்ரிச் மூலர் எழுதினார். நரம்புக்கு ரத்தம் போதாததே காரணம் என்று அதே ஆண்டு வியன்னாவின் எட்வர்ட் யேகர் எழுதினார். சண்டை அன்றே தொடங்கியது. கருவியும் கத்தியும் மூலரின் பக்கம் இருந்ததால் நூறாண்டுகள் அவர் கட்சியே ஓங்கி நின்றது.

அந்தக் கத்தியில் தமிழ் மண்ணுக்கும் பங்குண்டு. 1819 இல் தொடங்கிய சென்னைக் கண் மருத்துவமனையின் கண்காணிப்பாளராக எழும்பூரில் இருந்த ராபர்ட் ஹென்றி எலியட், 1909 இல் கண்ணின் வெள்ளைப் பகுதி ஓரத்தில் வட்டமான சிறு துளை போட்டு நீரை வெளியே வடியவிடும் அறுவை முறையைக் கொண்டுவந்தார். எழும்பூரிலிருந்து அது உலகெங்கும் பரவியது. சொட்டு மருந்தில் அடங்காத கிளாக்கோமாவுக்கு இன்று செய்யும் அறுவையும் நீருக்கு வழிவிடும் அதே எண்ணத்தில் வந்ததுதான்.

உடல் பிரஷரை இறக்க அந்நாளில் நல்ல மருந்து கிடையாது. தம்பானூருக்கு ரயில் வந்த அதே 1931 இல், கல்கத்தாவில் கணநாத் சென்னும் கார்த்திக் சந்திர போஸும் சர்ப்பகந்தா வேர் ரத்த அழுத்தத்தைக் குறைக்கிறது என்று எழுதினார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையிலும் வளரும் செடி அது. 1949 இல் பம்பாயின் ருஸ்தம் ஜால் வக்கீல் தம் நோயாளிகளிடம் கண்ட பலனை ஆங்கில இதய மருத்துவ இதழில் வெளியிட, உலகம் திரும்பிப் பார்த்தது. பிறகு மாத்திரைகள் வரிசையாக வந்தன.

அந்த வரிசைதான் இரண்டு அறைகளுக்கும் இடையே இருந்த சுவரில் முதல் ஓட்டை போட்டது. இதயத்துக்கும் ரத்த அழுத்தத்துக்கும் கொடுத்த புரொப்ரனலால், கண்ணின் அழுத்தத்தையும் இறக்குகிறது என்று 1967 இல் தெரிந்தது. அதன் உறவான டிமோலால் 1978 இல் அமெரிக்காவில் சொட்டு மருந்தாக அனுமதி பெற்றது. நெடுங்காலம் கிளாக்கோமாவின் முதல் மருந்து அதுவே. கண்ணில் விடும் சொட்டும் ரத்தத்தில் கலந்து நாடித் துடிப்பைக் குறைக்கும், ஆஸ்துமாக்காரருக்கு மூச்சை அடைக்கும் என்பதும் அப்போதுதான் புரிந்தது.

இரண்டாவது ஓட்டை போட்டவர் பஞ்சாபில் பிறந்து அமெரிக்காவின் அயோவாவில் பணியாற்றிய சோஹன் சிங் ஹேரே. கண் நரம்புக்கு ரத்தம் எந்தக் குழாய் வழியே போகிறது என்று பல பத்தாண்டுகள் ஆராய்ந்தவர். கண் நோயாளிகளுக்கு இருபத்துநாலு மணி நேரமும் ரத்த அழுத்தத்தைப் பதியும் கருவியைக் கட்டிப் பார்த்து, 1994 இல் தம் முடிவைச் சொன்னார்: பகலில் சரியாக இருப்பவருக்கும் தூக்கத்தில் பிரஷர் வெகுவாக இறங்கக்கூடும். படுக்கப்போகும்போது பிரஷர் மாத்திரை போடுகிறவருக்கு அது இன்னும் இறங்கும். அந்த வேளையில் கண் நரம்பு ரத்தமின்றி வாடும்.

கணக்கு எளிது. ரத்த அழுத்தத்தின் கீழ் எண்ணில் கண் அழுத்தத்தைக் கழித்தால் நரம்புக்கு ரத்தத்தைத் தள்ளும் விசை தோராயமாகக் கிடைக்கும். பகலில் எண்பதில் பதினைந்து போனால் அறுபத்தைந்து. இரவில் கீழ் எண் அறுபதாகி, படுத்திருப்பதால் கண் அழுத்தம் இருபத்திரண்டானால் மிச்சம் முப்பத்தெட்டு. 1995 இல் வெளியான பால்டிமோர் ஆய்வில், இந்த மிச்சம் மிகக் குறைந்தவர்களிடம் கிளாக்கோமா ஆறு மடங்கு அதிகமாக இருந்தது. கரீபியத் தீவான பார்படோஸில் ஒன்பது ஆண்டு தொடர்ந்த ஆய்வும் 2008 இல் அதே திசையைக் காட்டியது. உயர் ரத்த அழுத்தமும் நல்லதல்ல. அது கண் அழுத்தத்தைக் கொஞ்சம் ஏற்றும், நாள்பட்டால் ரத்தக் குழாய்களையும் கெடுக்கும். இருபுறமும் ஆபத்து என்பதால்தான் யேகரும் மூலரும் ஆளுக்குப் பாதி சரி என்று இன்றைய மருத்துவம் ஏற்கிறது.

நம் பக்கத்து எண்கள் கவலை தருபவை. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை தென் தமிழகத்தின் மூன்று மாவட்டங்களில் 40 வயது கடந்த 5150 பேரைச் சோதித்து 2003 இல் வெளியிட்ட ஆய்வில் 2.6 சதவீதத்தினருக்குக் கிளாக்கோமா இருந்தது. அதன் பொதுவான வகையான திறந்தகோண கிளாக்கோமா உள்ளவர்களில் 93 சதவீதத்தினருக்குத் தங்களுக்கு நோய் இருப்பதே அதுவரை தெரியாது. கேரளத்திலோ வயது வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு ரத்த அழுத்தம் கூடுதல். இந்த இரண்டு கூட்டமும் தம்பானூரில் ஒரே பேருந்திலிருந்து இறங்குகிறது. பல நேரம் ஒரே ஆளாகவே இறங்குகிறது.

அந்தப் பையில் இருக்கும் மாத்திரை அட்டையைக் கண் மருத்துவரிடம் காட்டுங்கள். கண் சொட்டின் பெயரைப் பிரஷர் பார்க்கும் மருத்துவரிடம் சொல்லுங்கள். இரவு மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். அதைக் காலைக்கு மாற்றலாமா என்று கேளுங்கள். நாற்பது வயதைத் தாண்டியிருந்தால், வீட்டில் யாருக்காவது கிளாக்கோமா இருந்தால், பார்வை தெளிவாக இருக்கும்போதே கண் அழுத்தத்தையும் நரம்பையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். செத்த நரம்பிழைக்கு உயிர் கொடுக்கும் மருந்து இன்றுவரை இல்லை.