திருமுழுக்குக்குப் பின் எட்டு ஆண்டுகள்: பண்டித ரமாபாய் கண்ட அமைதி

பண்டித ரமாபாயின் சமய மாற்றத்தைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் 1883 செப்டம்பர் 29 என்ற நாளிலேயே நின்றுவிடுகின்றனர். இங்கிலாந்தின் வான்டேஜ் நகரில், ஆங்கிலிக்கத் துறவியரின் விருந்தினராகத் தங்கியிருந்த அந்த இளம் கைம்பெண்ணும் அவருடைய சிறு மகள் மனோரமாவும் திருமுழுக்குப் பெற்ற நாள் அது. செய்தி புனேயில் எழுப்பிய சினம் நன்கு அறியப்பட்டதே. ஆனால் 1907இல் அவர் எழுதிய சாட்சியம் வேறொரு காலக்கணக்கைத் தருகிறது. உள்ளம் அமைதியும் மகிழ்ச்சியும் கண்டது அதற்கு எட்டு ஆண்டுகள் கழித்து, 1891இல் என்கிறார். முதலில் அடைந்தது கிறித்தவ சமயத்தை. கிறிஸ்துவை அன்று என்பது அவர் கூற்றின் சாரம்.

1905இல் அவருடைய முக்தி இல்லத்தில் தோன்றிய எழுப்புதலுக்குப் பின் எழுதப்பட்ட நூல் அது. எனவே பிற்கால இறையியல் முந்தைய நினைவுகளை ஓரளவு வடிவமைத்திருக்கும் என்று கருத இடமுண்டு. ஆயினும் அவ்விடைப்பட்ட ஆண்டுகளின் அமைதியின்மைக்கு வேறு சான்று இருக்கிறது: ஏ. பி. ஷா பதிப்பித்து 1977இல் வெளிவந்த அவருடைய கடிதத் தொகுப்பு.

ரமாபாயை முதலில் ஈர்த்தது கோட்பாடு அன்று, கனிவு. லண்டனை அடுத்த ஃபுல்ஹமில், சமூகம் கைவிட்ட பெண்களுக்கென அத்துறவியர் நடத்திய இல்லத்தை அவர் கண்டார். அப்பெண்களை இழிவாக நோக்காமல் பரிவோடு நடத்தியது அவருக்கு வியப்பாக இருந்தது. காரணம் வினவியபோது, சமாரியப் பெண்ணோடு இயேசு உரையாடிய யோவான் நற்செய்திப் பகுதி விடையாகக் கிடைத்தது. பெண்களுக்கும் சூத்திரர்க்கும் வீடுபேற்றுக்கு நேர்வழி இல்லை என்பதைச் சாத்திர நூல்களில் நேரே படித்துணர்ந்தவர் அவர். பஞ்சத்தில் பெற்றோரையும், பின்னர் தமையனையும், திருமணமான இரண்டே ஆண்டுகளில் கணவரையும் இழந்தவர். அந்த விடை அவருள் எவ்வளவு ஆழமாக இறங்கியிருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

ஆனால் கனிவின் வழியே உள்ளே வந்தவரை எதிர்கொண்டது அதிகாரம். திரித்துவம், திருச்சபையின் ஆணை, ஆயர்களின் முடிவு ஆகியவை குறித்துச் சகோதரி ஜெரால்டினுடன் அவர் நடத்திய விவாதங்கள் கடுமையானவை. கழுத்தில் அணியும் சிலுவையில் இலத்தீன் எழுத்து எதற்கு, சமற்கிருதம் ஆகாதா என்று கேட்டார். இந்நாட்டுப் புரோகிதரின் நுகத்தை நீக்கியது மற்றொரு நுகத்தைச் சுமப்பதற்கு அன்று என்பதைத் தெளிவாகவே எழுதினார். ஜெரால்டின் இதில் செருக்கைக் கண்டார். மனச்சான்றின் நேர்மை என்று சொல்வதே பொருத்தம்.

1891இல் நிகழ்ந்த மாற்றம் வெளிப்பார்வைக்கு மிகச் சிறியது. ஆங்கிலிக்கக் குருவான வில்லியம் ஹாஸ்லமின் தன்வரலாற்றை வாசித்த ரமாபாய், குருவாகப் பணியாற்றிய ஒருவரே தாம் இன்னும் மனமாற்றம் பெறவில்லை என உணர்ந்ததை அதில் கண்டார். தமக்கும் தேவை அதுவே எனத் தெளிந்தார். கோட்பாடுகளை ஒவ்வொன்றாக நிறுவிய பின்னரே இளைப்பாறலாம் என்ற நிலை மாறி, மன்னிப்பைக் கொடையாக ஏற்கும் நிலை பிறந்தது. அவர் சொல்லும் மகிழ்ச்சியின் தோற்றுவாய் இதுதான்.

அந்த அமைதி அவருக்கு வெளியமைதியைத் தரவில்லை என்பது கவனத்திற்குரியது. 1889இல் பம்பாயில் தொடங்கிப் பின் புனேக்கு மாறிய சாரதா சதனம், சமய நடுநிலையை உறுதியளித்த நிறுவனம். ரமாபாய் மகளோடு வேண்டுதல் செய்யும்போது அறைக்கதவு திறந்திருந்தது. மாணவியர் சிலரும் வந்து அமர்ந்தனர். 1893இல் ரானடேயும் பண்டார்கரும் ஆலோசனைக் குழுவிலிருந்து விலகினர். பெற்றோர் பலர் பெண்களை அழைத்துச் சென்றனர். நிதியளித்தோரின் நோக்கிலிருந்து பார்த்தால் அவர்களுடைய மனக்குறையில் நியாயம் இல்லாமலும் இல்லை. ரமாபாய் கதவை மூடவில்லை.

1896–97 பஞ்சத்தில் மத்திய மாகாணங்களுக்குச் சென்று, ஏறத்தாழ 300 பெண்களையும் சிறுமியரையும் மீட்டு வந்தார். தம் இளமையில் பசியை அறிந்தவரின் செயல் அது. புனேக்குக் கிழக்கே கேட்காவில் வளர்ந்த முக்தி இல்லத்தில், கைவிடப்பட்ட பெண்களுக்கெனக் கிருபா சதனம் என்ற தனிப்பகுதி இருந்தது. ஃபுல்ஹமில் கண்டதை மராத்தி மண்ணில் நட்டதாக அதைக் கொள்ளலாம்.

உமா சக்கரவர்த்தி முதலிய வரலாற்றாசிரியர்கள் ரமாபாயின் ஆணாதிக்க எதிர்ப்பை மீட்டெடுத்தது பெரும்பணி. ஆயினும் பொதுவான வாசிப்பில் இன்றும் இரண்டு ரமாபாய்கள் உலவுகின்றனர்: கிளர்ச்சியாளர் ஒருவர், பக்தை மற்றொருவர். பின்னவர் வந்ததும் முன்னவர் மறைந்துவிட்டதாக ஒரு தொனி. சான்றுகள் அப்படிச் சொல்லவில்லை. உள்ளமைதி கண்ட பின்பும் அவர் எந்தச் சபையின் ஆணைக்கும் முழுமையாக அடங்கவில்லை.

நிலவிய மராத்தி விவிலியமும் அவருக்கு நிறைவளிக்கவில்லை. அதில் மிகுந்திருந்த சமற்கிருதச் சொற்கள் எளிய பெண்களுக்கு எட்டா என்று கருதி, எபிரேயமும் கிரேக்கமும் கற்றுப் புதிய மொழிபெயர்ப்பைத் தொடங்கினார். சமற்கிருதப் புலமைக்காகக் கல்கத்தாவில் ‘பண்டிதை’, ‘சரஸ்வதி’ எனப் பட்டம் பெற்றவர் அச்சொற்களைத் தேடித்தேடி நீக்கினார். 1921இல் மனோரமா இறந்தார். பணி அதன் பின்னும் தொடர்ந்தது. 1922 ஏப்ரல் 5 அன்று ரமாபாய் மறைந்தார்.