தைலமரத்தின் சொந்த ஊர்

செவன் ஹில்ஸில் வீடு வாங்கிய நண்பர் ஒருவர் கொல்லையில் நின்ற பெரிய மரத்தை வெட்டிவிட வேண்டும் என்றார். அவர் புதுக்கோட்டைக்காரர். "தைலமரம் சார். நிலத்தடித் தண்ணியை எல்லாம் உறிஞ்சிடும்." ஊரில் பட்டறிந்த பாடம். ஊரைப் பொறுத்தவரை அவர் சொன்னது சரியும்கூட.

அந்த மரத்தை இங்கே ஃபாரஸ்ட் ரெட் கம் என்கிறார்கள். தாவரவியலில் யூகலிப்டஸ் டெரிடிகார்னிஸ். நம் சமவெளியில் 'மைசூர் கம்' என்ற பெயரில் பரப்பப்பட்டதும் பெரும்பாலும் இதன் வழிவந்ததுதான். (நீலகிரியில் 1843இல் கேப்டன் காட்டன் நட்ட ப்ளூ கம் வேறு இனம்.) ஊரில் நிலத்தை வறளச் செய்ததற்கு மரத்தின் குணம் மட்டும் காரணமில்லை. ஒரே இனத்தை நெருக்கி நட்டு, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வெட்டி, மறுபடி துளிர்க்கவிட்ட தோட்டமுறையும்தான். செவன் ஹில்ஸில் இது புல்வெளிக்கு நடுவே விலகி விலகி நின்ற மரம்.

அந்தப் புல்வெளிக் காட்டுக்குக் கம்பர்லாண்ட் சமவெளிக் காடு என்று பெயர். தாருக் மக்கள் அவ்வப்போது சிறு தீ வைத்து அதைத் திறந்தவெளியாகப் பேணினார்கள். 1791இல் பக்கத்து டூன்காபியில் அரசுப் பண்ணை வந்தது. இன்று நம்மவர் நிறைந்த அந்த டூன்காபியேதான். கைதிகளின் கோடாரியில் தொடங்கிய வேலையை மேய்ச்சலும் பிறகு வீட்டுமனைகளும் முடித்துவைத்தன. அந்தக் காட்டில் பத்தில் ஒரு பங்கு மிஞ்சினாலே அதிகம். 2009இல் மத்திய அரசு அதை அழிவின் விளிம்பில் உள்ளதாகப் பட்டியலிட்டது.

வெட்டிய இடத்தில் வந்தவை இங்கிலாந்துப் பாணித் தோட்டங்கள். 1841 வாக்கில் அழகுக்காகக் கொண்டுவந்த லாண்டானா வேலி தாண்டிக் காட்டுக்குள் புகுந்தது. அதுதான் நம் ஊர் உண்ணிச்செடி. முதுமலையிலும் அதே கதைதான்.

இதற்கு வழி கண்டவர்கள் மோஸ்மனில் வாழ்ந்த ஜோன், ஐலீன் பிராட்லி என்ற சகோதரிகள். 1960களில் கையால் களை பறித்தே சோதித்துப் பார்த்தார்கள். மொத்தமாக வெட்டிச் சாய்த்த இடத்தில் களைதான் இன்னும் அடர்த்தியாக வந்தது. அதனால் காடு நன்றாக இருக்கும் பக்கத்திலிருந்து களை மண்டிய பக்கத்துக்குப் போ, மண்ணைக் கிளறாதே, செடிகள் தாமாக மீளும் வேகத்தை மிஞ்சிப் பறிக்காதே என்றார்கள். பொறுமையைத் தவிர வேறு செலவில்லை. 'புஷ் ரீஜெனரேஷன்' என்ற பெயரில் தன்னார்வலர்கள் வார இறுதிகளில் செய்வது அவர்கள் வழியில் வந்த வேலை.

நண்பரிடம் இதையெல்லாம் சொன்னேன். கிளை முறிந்து கூரையில் விழுமே என்ற அவர் பயம் நியாயமானது; அதற்கு மரம் அறிந்த ஆர்போரிஸ்ட் ஒருவரைக் கூட்டிவந்து காட்டினால் போதும். (வெட்டுவதானாலும் கவுன்சில் அனுமதி வேண்டியிருக்கும்.) மரம் இன்னும் நிற்கிறது. அடியில் கங்காருப் புல் நடப்போகிறாராம். அதன் தாவரவியல் பெயர் தீமிடா ட்ரையாண்ட்ரா. நீலகிரிப் புல்வெளியிலும் இயல்பாக வளர்வது. இங்கிருந்து போன யூகலிப்டஸும் வாட்டிலும் அங்கே மூடி மறைத்தது அந்தப் புல்லையும் சேர்த்துத்தான்.